துவைத்துக் கொடுத்த சாட்சி

ஈரப் படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து ஓர் உதறு உதறி, சூடான உருளைகளுக்கு நடுவே கோணாமல் செலுத்திக்கொண்டிருந்தாள் பளிச்சக்கா. உருளை அந்தப் பக்கம் துப்புகிற விரிப்பை இன்னொருத்தி பிடித்து மடிப்பாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் நீராவியும் சோப்பு வாசனையும் தவிர வேறு காற்று கிடையாது. கை பாட்டுக்கு வேலை செய்தாலும், ஒவ்வொரு விரிப்பும் உள்ளே போகுமுன் அவள் கண் ஒருமுறை அதன்மேல் ஓடிவிடும். ரத்தக் கறை, மருந்துக் கறை, வாந்திக் கறை எல்லாம் அவளுக்குப் பழகிய முகங்கள்.

அன்று கண்ணில் பட்டது ஒரு கரும்புள்ளி. விரலால் தேய்த்தாள். புள்ளிக்கு வால் முளைத்துக் கோடாக நீண்டது. கரி. விரிப்பைச் சுருட்டி, மறுபடி துவைக்க வேண்டிய தொட்டியில் வீசினாள்.

"இங்கேயும் வந்துட்டாரா உங்க தெரு மாப்பிள்ளை?" என்று கேட்டாள் மடிப்பவள்.

மாப்பிள்ளை என்பது மனிதன் இல்லை. பளிச்சக்கா குடியிருக்கும் தெருவின் கோடியில், மதிலுக்கு அந்தப் பக்கம் குவிந்து கிடக்கும் நிலக்கரி. கம்பெனி கப்பலில் வரவழைத்து அங்கே கொட்டி, அங்கிருந்து லாரியில் ஏற்றி அனுப்புகிறது. வந்து உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், எழுந்து போகிற வழியாகத் தெரியவில்லை. தெரு முழுக்க அதற்குப் பணிவிடை செய்கிறது. அதனால் வீட்டோடு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள்.

பளிச்சக்காவுக்கும் அவள் பெயர் அப்படி வந்ததுதான். வெள்ளை என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும், சாம்பல் வெள்ளை என்று ஒன்றை அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். வேலையில் மட்டும் அப்படி இருந்திருந்தால் பரவாயில்லை. தெருவில் யார் வீட்டுக் கொடியைக் கடந்தாலும் நின்று, "இது துவைச்ச துணியா, துவைக்கப் போற துணியா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். கேட்கப்பட்டவள் அன்றைக்கே எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி தண்ணீரில் போடுவாள். இப்படியே அந்தத் தெரு, ஊரிலேயே சுத்தமான தெரு என்று பெயர் வாங்கியது. கரிக்குவியலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தப் பெயரை வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. விடிந்ததும் தரையைத் துடைக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் ஜன்னலைத் துடைக்க வேண்டும். மதியம் மறுபடி தரை. சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாலும், எடுக்கும்போது இன்னொரு முறை கழுவ வேண்டும். இதையெல்லாம் செய்தது பெண்கள். கூலி கொடுத்தது யாரும் இல்லை.

கம்பெனி ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு ஒரு பெட்டி துணி சோப்பு கொடுத்தது. மேனேஜர் நேரில் வந்து, சோப்பை நீட்டியபடி போட்டோ எடுத்துக்கொள்வார். தெருக்காரர்கள் கரியைக் கொட்டியவன் கையாலேயே சோப்பை வாங்கிக்கொண்டு நன்றியும் சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு தடவை புகார் எழுதிப் போட்டார்கள். அதிகாரிகள் சிலர் வந்தார்கள். அவர்கள் வருகிற நாளில் மட்டும் கம்பெனியின் தண்ணீர் லாரி கரிக்குவியலைக் குளிப்பாட்டியது. இந்தப் பக்கம் பெண்கள், விருந்தாளி வருகிறார்களே என்று வாசல்முதல் கொல்லைவரை தேய்த்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள், ஜன்னலைத் தடவிப் பார்த்தார்கள், வீடுகள் மிகச் சுத்தமாக இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்கள். அங்கங்கே தெரியும் கருமை அடுப்புப் புகையாகவும் ரோட்டுத் தூசியாகவும் இருக்கலாம் என்று கம்பெனி சொன்னதையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள்.

பளிச்சக்காவுக்கு ஒரே பெண். பாப்பா. இரண்டாம் வகுப்பு. அவளுக்கு இழுப்பு. இழுப்பு என்றால் சளி பிடித்துக் கொர்கொர் என்பது இல்லை. மூச்சு உள்ளே போகும்போது கழுத்தெலும்புக்கு மேலே குழி விழும், தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும், பேச்சு முழுசாக வராமல் ஒவ்வொரு சொல்லாக வரும். பிள்ளை "அம்மா, தண்ணி வேணும்" என்று சேர்த்துச் சொன்னால் பயப்பட வேண்டாம். "அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்கு மூச்சு வாங்கினால், அப்போதே முகமூடியை மாட்டி, மருந்தை ஆவியாகத் தரும் மெஷினைப் போட்டுவிட வேண்டும். இதைப் பளிச்சக்கா படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து தெரிந்துகொண்டாள்.

இப்போது கம்பெனி இரண்டாவது குவியலுக்கு அனுமதி கேட்டிருந்தது. அது வரப்போகிற இடம் பளிச்சக்கா வீட்டுக் கொல்லைக்கு நேர் பின்னால். டாக்டரிடம் கேட்டதற்கு அவர் சுற்றி வளைக்கவில்லை. இருக்கிற காற்றிலேயே இந்தப் பிள்ளைக்கு மருந்து ஏற்றிக்கொண்டே போகிறோம், இன்னொன்றும் வந்தால் பிள்ளையை வேறு ஊரில் வையுங்கள் என்று சொல்லிவிட்டார். வேறு ஊர் என்றால் பாப்பாவின் பெரியப்பா வீடு. பஸ்ஸில் ஒரு பகல் பயணம். துணிப்பை வாங்கியாகிவிட்டது. பாதித் துணி அதற்குள் போயும் ஆகிவிட்டது. இரண்டாவது மாப்பிள்ளை வந்தால் பெண் வீட்டைவிட்டுப் போக வேண்டும். இதுதான் நிலவரம்.

அந்த நேரத்தில்தான் பாப்பா பள்ளியின் டிராயிங் டீச்சர் ஒரு யோசனையோடு வந்தார். சின்ன வயசு, முழங்கை வரைக்கும் எப்போதும் பெயிண்ட். வீட்டுக்கு ஒரு வெள்ளைத் துணி, மொட்டை மாடியில் ஒரு மாதம் தொங்க வேண்டும். அதன் பிறகு எல்லாத் துணிகளையும், தெருவில் வீடுகள் இருக்கிற வரிசையிலேயே ஒன்றாகத் தைத்து, அந்த அனுமதிக்காக நடக்கப்போகிற கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அதிகாரிகளுக்கு முன்னால் விரித்துவிட வேண்டும். ஒவ்வொரு துணியிலிருந்தும் ஒரு மூலையை வெட்டி, கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தன் தோழியிடம் கொடுத்தால், எது கரி, எது மண், எது அடுப்புப் புகை என்று அவள் பிரித்துச் சொல்லிவிடுவாள்.

"அப்ப நீங்க எதை வரைவீங்க, டீச்சர்?" என்று பளிச்சக்கா கேட்டாள்.

"நான் எதுவும் வரையப் போறதில்லக்கா. கம்பெனிக்காரங்க வரையட்டும். நாம துணியை நீட்டிட்டு நிப்போம்."

பளிச்சக்காவுக்கு அது பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட விரிப்புகளைக் கேட்டு வாங்கி வந்து, சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் அடித்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலால் வீட்டு நம்பரைத் தைத்தாள். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, வழக்கம்போல அதட்டியும் வைத்தாள். கிழியக் கூடாது, தொலையக் கூடாது, எல்லார் முன்னாடியும் தொங்கப்போகிற துணி, என் பேரைக் கெடுத்துவிடாதீர்கள். துவைக்காதீர்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டி வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கூட்டத்துக்கு முந்தைய நாள்தான் அந்தக் கரும்புள்ளி பட்ட விரிப்பைத் தொட்டியில் வீசினாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, துணிகளை வாங்கிக்கொள்ள வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தாள்.

முதலில் வந்தது நாத்தனார், கணவரின் தங்கை. வாய்க்காரி. நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு கூலிக்குத் துடைக்கவும் கூட்டவும் போகிறவள். துணியை இரண்டு கையாலும் நீட்டினாள். நாலாக மடித்து, இஸ்திரி போட்டு, மடிப்பு கத்தி மாதிரி இருந்தது.

"நீலம் கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கேன் அண்ணி. இதுல நீ குத்தம் சொல்லிடு, பார்க்கலாம்."

பளிச்சக்கா துணியை விரித்தாள். பால் மாதிரி இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டுக்காரி வந்தாள். அவள் துணியில் கஞ்சி போட்டிருந்தது. அதற்கடுத்தவள் வாசனைத் தூள் போட்டு அலசியிருந்தாள். தெருவே வரிசையாக வந்து, வெள்ளை வெளேர் என்று கொடுத்துவிட்டுப் போனது. மதிலை ஒட்டிய கடைசி வீட்டுக்காரிதான் ரொம்பப் பாடுபட்டிருந்தாள். மூன்று தண்ணீர் மாற்றியும் போகவில்லையாம், வெந்நீரில் ஊறவைத்து அடித்தாளாம். சொல்லும்போது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பளிச்சக்கா எழுந்து மாடிக்கு ஓடினாள். தன் வீட்டுத் துணியாவது மிஞ்சும் என்று நினைத்தாள். கொடி காலியாக இருந்தது. கீழே இறங்கினால், வீட்டுக்காரர் அதைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றார். பம்பு ரிப்பேர் செய்கிற மனிதர். கை முழுக்க எப்போதும் கிரீஸ். அந்தக் கையைப் பலமுறை கழுவிவிட்டுத்தான் துணியைத் தொட்டிருக்கிறார்.

"காலையிலேயே அலசிப் போட்டுட்டேன். நம்ம வீட்டுத் துணிதான் இருக்கறதுலயே வெள்ளையா இருக்கணும்ல?"

பதினைந்து வருஷமாக அவரைப் பழக்கியது யார்? அவள்தான்.

டிராயிங் டீச்சர் ஊசியும் நூல்கண்டுமாக வந்தார். பாயில் கிடந்த அடுக்கைப் பார்த்தார். ஒன்றை எடுத்து விரித்தார், இன்னொன்றை விரித்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு மாசம்க்கா" என்றார்.

அவர் கத்தியிருந்தால் தேவலை. பளிச்சக்கா கத்தினாள். தெருவில் இறங்கி நின்று, உங்களுக்கெல்லாம் மூளை இருக்கிறதா, அழுக்கைக் காட்டத்தானே துணியைத் தொங்கவிட்டது, அதைப் போய்த் துவைப்பார்களா என்று பிடிபிடியென்று பிடித்தாள். பெண்கள் வெளியே வந்தார்கள். ஆளுக்கு ஒரு சமாதானம் இருந்தது. ஒருத்தி, டீச்சர் ஏற்கனவே அளந்து முடித்திருப்பார் என்று நினைத்தாள். ஒருத்தி, படம் வரையத்தான் கேட்கிறார்கள், அதற்குத் துணி வெள்ளையாக இருந்தால்தானே சாயம் ஏறும் என்று நினைத்தாள். நாத்தனார் மட்டும் சமாதானம் சொல்லவில்லை. இடுப்பில் கை வைத்தாள்.

"மூலையில வீட்டு நம்பரைத் தைச்சுக் கொடுத்தியே அண்ணி, எதுக்கு? இன்னார் வீட்டுத் துணின்னு ஊரே பார்க்கும். அதை அழுக்கா அனுப்பிட்டு நாளைக்கு நான் இந்தத் தெருவுல தலை காட்டணுமா? அதுவும் உன் கையில கொடுக்கணும். கொடியில ஒரு கறை இருந்தா நின்னு கேட்டவ நீதானே?"

பளிச்சக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வந்த கோபம் போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதற்கு வழி தெரிந்துவிட்டது.

சோப்பு நினைவுக்கு வந்தது. வீடுகள் மிகச் சுத்தம் என்று எழுதிக்கொண்டு போனவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு நாளும் கம்பெனி கொட்டியதை ஒவ்வொரு நாளும் இவர்கள் அழித்து வைத்திருக்கிறார்கள். குற்றம் செய்தவன் போனபின் வந்து தடயத்தைத் துடைத்துவைக்கிற வேலை. அதைக் கூலி வாங்காமல், கைவலி கால்வலியோடு செய்து, அதில் பெருமையும் பட்டிருக்கிறார்கள். தான் அதற்கு மேஸ்திரியாக இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நாம கழுவிக் கழுவி வீட்டைச் சுத்தமாக்கலடி, அவனைச் சுத்தமாக்கியிருக்கோம்" என்றாள்.

நாத்தனார் சிரிக்கவில்லை. நாளைக்கு விடியற்காலையில் தானும் அந்த நாலு பேரும் கூட்டம் நடக்கிற பள்ளி மைதானத்துக்கே போக வேண்டும் என்று சொன்னாள். மதிலை ஒட்டிய மைதானம் அது. கம்பெனியின் கான்ட்ராக்டர் அன்று மாலையே பந்தல் போட்டு, நாற்காலி மேசைக்கெல்லாம் வெள்ளை உறை மாட்டியிருந்தார். இரவில் லாரிகளில் கரி ஏற்றுவார்கள். விடிவதற்குள் எல்லாவற்றையும் துடைத்து, உறைகளை உதறி மாட்ட வேண்டும். அதற்குத்தான் இவர்களைக் கூலிக்குப் பேசியிருந்தார்.

"துடைக்கலன்னா?" என்றாள் பளிச்சக்கா.

"துடைக்கலன்னா கூலி இல்ல."

"கூலியைக் கேக்கல. துடைக்கலன்னா நாற்காலி எப்படி இருக்கும்?"

நாத்தனார் யோசித்தாள். "எப்படி இருக்கும்? மாப்பிள்ளை உக்காந்து எழுந்த மாதிரி இருக்கும்."

டிராயிங் டீச்சர் தலையை நிமிர்த்தினார். பாயில் கிடந்த துணிகளை மறுபடி பார்த்தார். இப்போது வேறு மாதிரி பார்த்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் மைதானத்துக்குப் போனார்கள். மதிலில் ஆரம்பித்துப் பந்தல் வாசல்வரை கயிறு கட்டி, துணிகளைத் தெரு வரிசையிலேயே மாட்டினார்கள். மதிலை ஒட்டிய கடைசி வீட்டுக்காரியின் துணி மதிலுக்குப் பக்கத்தில். காவலாளி வந்து இதெல்லாம் என்ன என்று கேட்டார். அலங்காரம் என்றார் டீச்சர். காவலாளி சந்தோஷப்பட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

காலையில் தெருவே குளித்துத் தலைவாரிக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பியது. தண்ணீர் லாரி விடியும் முன்பே வந்து குவியலைக் குளிப்பாட்டிவிட்டுப் போயிருந்தது. ஆனால் பந்தலைக் குளிப்பாட்ட வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. உறைகளெல்லாம் பழைய பாத்திரத்தின் அடிப்பக்கம்போல ஆகிவிட்டிருந்தன. கயிற்றில் தொங்கிய துணிகள், வாசல் பக்கம் மங்கலில் தொடங்கி, போகப் போகக் கறுத்து, மதிலருகே சிவப்பு நூல் நம்பரே தெரியாதபடி முடிந்தன. ஓர் இரவில் வரைந்த படம். டிராயிங் டீச்சர் அதற்கு முன்னால் கைகட்டி நின்றார்.

மேனேஜர் காரிலிருந்து இறங்கியவர் இதைப் பார்த்ததும் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டார். கான்ட்ராக்டர் நாத்தனாரிடம் ஓடினார். நாத்தனாரும் மற்ற நாலு பேரும் பெஞ்சில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஏன் துடைக்கவில்லை என்று கேட்டதற்கு முட்டிவலி என்றாள். எல்லாருக்குமா என்றார் அவர்.

"ஒரே தெருதானே சார். தொத்திக்கிச்சு."

அதற்குள் விசாரணை அதிகாரி வந்துவிட்டார். வெளிர் நிறச் சட்டை. யாரும் தடுப்பதற்குள், பழக்க தோஷத்தில் மேசையில் கையை ஊன்றினார். ஊன்றிய கையைத் திருப்பிப் பார்த்தார். கர்ச்சீப்பால் துடைத்தார், கர்ச்சீப் கறுத்தது. மேசையைச் சுற்றி வந்து, கயிற்றோரமாக மதில்வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். உட்காரவில்லை.

மேனேஜர் நிதானமானவர். இந்த மாதிரி அடர்த்தியான குடியிருப்புகளில் அடுப்புப் புகை சகஜம் என்று ஆரம்பித்தார். பளிச்சக்கா எழுந்தாள்.

"அடுப்பு எங்கே சார் இருக்கு இந்த மைதானத்துல?"

அவர் ரோட்டுத் தூசிக்குப் போனார். ரோடு பந்தல் வாசல் பக்கம்தான் இருந்தது. அங்கே தொங்கிய துணிதான் இருப்பதிலேயே வெள்ளை. அதை அவரே திரும்பிப் பார்த்துவிட்டு, பேச்சைக் கம்பெனியின் நலத்திட்டங்களுக்கு மாற்றினார். முகக்கவசம், மரக்கன்று, ஆண்டுதோறும் வீட்டுக்கு ஒரு பெட்டி சோப்பு. இரண்டாவது குவியல் வந்தால் இரண்டு பெட்டியாக்குவதாகவும் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பளிச்சக்கா சிரிக்கவில்லை. அதிகாரியைப் பார்த்துப் பேசினாள்.

"போன தடவை உங்க ஆளுங்க வந்தப்போ வீடெல்லாம் சுத்தமா இருக்குன்னு எழுதிட்டுப் போனாங்க. சுத்தமாத்தான் இருந்துச்சு. நாங்க முதுகு ஒடியத் துடைச்சு வெச்சிருந்தோம். இன்னைக்கு ஒரு வேளை துடைக்கல. அவ்வளவுதான். துணியை, தரையை, நாற்காலியைத் துடைச்சுடலாம் சார். என் பொண்ணுக்கு ரெண்டாம் வகுப்பு. அவ நெஞ்சுக்குள்ள கையை விட்டுத் துடைக்க முடியல. அதுக்கு இவங்ககிட்ட சோப்பு இருந்தா கொடுக்கச் சொல்லுங்க, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்."

கண் கலங்கவில்லை, குரல் ஏறவும் இல்லை. சலவைக்கூடத்தில் சரியாகத் துவைக்காத விரிப்பைத் திருப்பி அனுப்பும்போது எந்தக் குரலில் பேசுவாளோ அதே குரல்.

ஓர் இரவின் காற்றை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்றார் மேனேஜர். அதிகாரி ஒப்புக்கொண்டார். அதனால் துணிகளை அங்கேயே இறக்கி, ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டு முத்திரை வைத்து, ஒரு பங்கை அரசு ஆய்வகத்துக்கும் ஒரு பங்கைக் கல்லூரி ஆய்வகத்துக்கும் அனுப்பச் சொன்னார். தெரு மறுபடி ஒரு மாதம் துணி தொங்கவிடட்டும், இந்த முறை தன் ஆட்கள் வந்து இறக்குவார்கள், முடிவு வரும்வரை இரண்டாவது குவியலுக்கு அனுமதி கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் போகும்போது சட்டை முதுகில் ஒரு கருப்புப் பட்டை இருந்தது. எங்கே சாய்ந்தார் என்று தெரியவில்லை. பெண்கள் ஐந்து பேருக்கும் கான்ட்ராக்டர் கூலி கொடுக்கவில்லை. மேற்கொண்டு வேலைக்கும் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நாத்தனார் அவரை அவர் அம்மாவரைக்கும் விசாரித்து அனுப்பினாள்.

இது வெற்றி என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. முதல் மாப்பிள்ளை இருந்த இடத்தில்தான் இருக்கிறார். இரவில் லாரிகள் வந்தன. பாப்பாவுக்கு ஒருமுறை மெஷின் போட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை பளிச்சக்கா புதுத் துணியில் நம்பரைத் தைத்து முடித்து, மாடியில் கட்டினாள். நேற்றைய சட்டை, பாவாடையெல்லாம் துவைக்கக் கிடந்தன. அவற்றை அலசி உள்ளே, அறைக்குள் கட்டிய கொடியில் போட்டாள். தரையைத் துடைத்தாள், பிள்ளை உட்கார்ந்து விளையாடுகிற இடம், அதைத் துடைக்காமல் விட முடியாது. ஜன்னல் கட்டையை அப்படியே விட்டாள். கை அந்தப் பக்கம் போகத்தான் செய்தது. வீட்டுக்காரர் வாளியோடு மாடிப்படி ஏறுவது தெரிந்ததும், அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"அந்தத் துணியில கை வெச்சீங்க, இன்னைக்குச் சோறு கிடையாது."

அவர் வாளியைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கினார். பளிச்சக்கா துணிப்பையைக் கட்டில்மேல் கவிழ்த்து, பாப்பாவின் துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். காலிப் பையை மடித்துக் கட்டிலுக்கு அடியில், கைக்கு எட்டுகிற இடத்தில் தள்ளி வைத்தாள். பிறகு வேலைக்குப் போனாள்.